குறை கூறுவதும் ஓர் உழைப்பே

(லினக்ஸ் கணினிகளுக்கு மாறுவது குறித்துத் திருவனந்தபுரத்தில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழக்கமாக அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11ஐ முறைப்படி நிறுவ வேண்டுமானால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும் புதிய தலைமுறைச் செயலியும் கணினியில் இருந்தாக வேண்டும். இதனால், எந்தப் பழுதும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் ஏராளமானவை ஒரே நாளில் ‘பழையவை’ ஆகிவிட்டன. சங்க அலுவலகங்கள், படிப்பகங்கள், சிறு அச்சகங்கள் ஆகியவற்றின் முன் இன்று முதன்மையாக மூன்று வழிகள் உள்ளன. புதிய கணினி வாங்கலாம். பாதுகாப்பின்றிப் பழையதையே ஓட்டலாம். அல்லது லினக்ஸுக்கு மாறலாம்.

லினக்ஸுக்கு மாறுவது என்று தீர்மானம் நிறைவேற்றுவது எளிது. ஆனால், மறுநாள் காலையில் அந்தக் கணினியின் முன் அமரப்போகிறவர் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அல்லர். கடிதம் தட்டச்சு செய்கிற தோழர், கணக்கு எழுதுகிற தோழர், பக்கம் வடிவமைக்கிற தோழர் ஆகியோரே அமரப்போகிறார்கள். திரை அவர்களுக்குப் புரியவில்லையென்றால் யாரிடம் சொல்வார்கள்? சொன்னதை யார் கேட்பார்கள்? கேட்டவர் எதையேனும் மாற்றுவாரா? இம்மூன்று கேள்விகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

திறந்த நிரலும் திறவாத செவியும்

இந்திய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலை 20 அன்று இதே திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. ரிச்சர்ட் ஸ்டால்மன் அதற்கு வந்திருந்தார். கட்டற்ற மென்பொருள் நான்கு உரிமைகளை வழங்குகிறது என்பதை அன்று முதல் கேட்டுவருகிறோம். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று ஆராய்ந்து மாற்றலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் பகிரலாம்.

இவை மகத்தான உரிமைகள்தாம். எனினும் ஒன்றைக் கவனியுங்கள். ஆராய்ந்து மாற்றும் உரிமையை நேரடியாகச் செயல்படுத்த நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். தட்டச்சு செய்யும் தோழருக்கு அந்த உரிமை சட்டப்படி உண்டு, நடைமுறையில் இல்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஏட்டில் இருந்தும் அதைப் பெற்றுத்தரச் சங்கம் தேவைப்படுவதைப் போல, இங்கும் இடையில் ஓர் அமைப்பு தேவைப்படுகிறது. அந்த அமைப்பின் முதற்பணி குறைகளைத் திரட்டுவது.

‘லினக்ஸ் கடினம்’ என்று சொல்லும்போது நாம் உண்மையில் எதைச் சொல்கிறோம்? 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் என்பது கணினியின் உட்கரு. அதை எவரும் கண்ணால் பார்ப்பதில்லை. நாம் பார்ப்பது அதன் மேலுள்ள டெஸ்க்டாப் இடைமுகத்தை, அதாவது பட்டிகள், சாளரங்கள், பொத்தான்கள் ஆகியவற்றை. ஜினோம், கே.டி.இ. பிளாஸ்மா, எக்ஸ்.எஃப்.சி.இ., மேட், சின்னமன் எனப் பல இடைமுகங்கள் உள்ளன. ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்றை நிறுவிக்கொள்ளலாம். ஆகவே ‘லினக்ஸ் வேண்டாம்’ என்ற முடிவுக்குப் போகும் முன், எந்த இடைமுகத்தின் எந்த இடத்தில் தடுமாறினோம் என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியை முறைப்படி கேட்ட ஒரு நிகழ்வு உண்டு. 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜினோம் இடைமுகத்தின் முன் பன்னிரண்டு பயனர்களை அமர்த்தி, சில அன்றாட வேலைகளைக் கொடுத்து, எங்கெங்கே நின்றுபோகிறார்கள் என்று அருகிலிருந்து பார்த்துப் பதிவு செய்தது. எழுதியவருக்கு வெளிச்சமாகத் தெரிந்தது பயன்படுத்துபவருக்கு இருட்டாக இருக்கக்கூடும் என்பது அதனால் வெளிப்பட்டது. இடைமுகத்துக்கான வடிவமைப்பு நெறிமுறைகள் எழுதப்பட்டன. 2002இல் வெளிவந்த ஜினோம் 2, பயனரைக் குழப்பிய ஏராளமான அமைப்புத் தெரிவுகளைக் குறைத்துக்கொண்டது. பன்னிரண்டு பேரின் தடுமாற்றத்தை ஒருவர் எழுதிவைத்ததற்கு இவ்வளவு பயன் இருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2011 ஏப்ரலில் ஜினோம் 3 வெளிவந்தது. பழகிய கீழ்ப்பட்டையும் பட்டிகளும் மறைந்து முற்றிலும் வேறொரு திரை வந்தது. பலரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். லினக்ஸ் உட்கருவை உருவாக்கிய டோர்வால்ட்ஸே அதைக் கண்டித்து எக்ஸ்.எஃப்.சி.இ.க்கு மாறினார், பின்னர்தான் திரும்பி வந்தார். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஒரு நிரலாளர் பழைய ஜினோம் 2இன் நிரலை எடுத்து ‘மேட்’ என்ற பெயரில் தொடர்ந்தார். பிரிந்துசென்று தனக்கு வேண்டியதைக் கட்டிக்கொள்ளும் இந்த உரிமை கட்டற்ற மென்பொருளின் பெரும்பலம். ஆனால், அது நிரல் தெரிந்தவரின் பலம். மற்றவர்களுக்கு எஞ்சியிருப்பது குரல் ஒன்றுதான்.

கேரளம் காட்டிய வழி

குரலுக்கு அமைப்பு வடிவம் கொடுத்த அனுபவம் நம் கண்ணெதிரிலேயே இருக்கிறது. கேரளப் பள்ளிகளில் ஐ.டி. @ ஸ்கூல் திட்டம் 2001இல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் பாடத்திட்டம் ஒரே நிறுவனத்தின் மென்பொருளைச் சார்ந்திருந்தது. அதை ஆசிரியர் இயக்கங்கள் கேள்விக்குள்ளாக்கின. படிப்படியாகப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2017இல் அத்திட்டம் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாயிற்று. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகள் லினக்ஸில் இயங்குவதாகவும், உரிமக் கட்டணமாகச் செலவாகியிருக்கக்கூடிய 3,000 கோடி ரூபாய் மிச்சமாவதாகவும் 2019இல் அந்நிறுவனம் அறிவித்தது.

இந்த எண்ணிக்கையை நாம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். இது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு பள்ளியிலும் தகவல் தொழில்நுட்பத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் இருந்தார். அவர் அப்பள்ளியின் ஆசிரியர். மாவட்டத்தில் தலைமைப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். அவர்களும் வகுப்பறையிலிருந்து வந்த ஆசிரியர்களே. பயிற்சி மேலிருந்து கீழே சென்ற அதே வழியில், ‘இது ஓடவில்லை, இது புரியவில்லை, பாடத்துக்கு இது தேவை’ என்ற செய்தி கீழிருந்து மேலே வர முடிந்தது. அதனால்தான் உபுண்டுவை அப்படியே எடுத்துக் கொடுக்காமல், ஜியோஜீப்ரா போன்ற பாடத்துக்கான செயலிகளை உள்ளடக்கி, பள்ளிக்கென்றே ஆயத்தம் செய்த பதிப்பு வெளிவந்தது. ஆசிரியர் இங்கு வாடிக்கையாளராக நடத்தப்படவில்லை. உருவாக்கத்தில் பங்காளியாக இருந்தார்.

இரண்டாவது சான்று நமக்கு இன்னும் நெருக்கமானது. திருவனந்தபுரத்திலிருந்து வெளிவரும் ‘ஜனயுகம்’ நாளிதழ் 2019இன் இறுதியில் பக்க வடிவமைப்பு முழுவதையும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. பக்கங்களுக்கு ஸ்கிரைபஸ், படங்களுக்கு கிம்ப், வரைகலைக்கு இங்க்ஸ்கேப், இவற்றைத் தாங்க குபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு அந்நாளிதழுக்கென ஆயத்தம் செய்த இயங்குதளம் என அந்த மாற்றம் அமைந்தது. நாளிதழ் அலுவலகம் எத்தகைய இடம் என்பது உங்களுக்குத் தெரியும். இரவு அச்சுக்குப் போகவேண்டிய பக்கத்தை ‘மென்பொருள் புரியவில்லை’ என்று நிறுத்திவைக்க முடியாது. ஆகவே அங்கே மொழித்தொழில்நுட்பம் அறிந்தவர்களும் எழுத்துரு வல்லுநர்களும் பக்க வடிவமைப்பாளர்களும் சேர்ந்து உழைத்தார்கள். ஸ்கிரைபஸ் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் திறனைப் பெற்றதே 1.5 வரிசைப் பதிப்புகளில்தான். அந்தத் திறனும் எவரோ சிலர், ‘எங்கள் எழுத்து சிதைகிறது’ என்று விடாது சொன்னதன் விளைவு. ஓமன் நாட்டைச் சேர்ந்த நிரலாளர்கள் அரபு எழுத்துக்காகச் செய்த வேலை மலையாளத்துக்கும் தமிழுக்கும் கதவைத் திறந்தது. ஒரு மொழியினர் கூறும் குறை இன்னொரு மொழியினரின் நன்மையாவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மியூனிக் தரும் எச்சரிக்கை

எதிர்த்திசையில் நடந்ததையும் மறைக்கக் கூடாது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் லினக்ஸுக்கு மாறுவதென முடிவெடுத்தது. ‘லிமக்ஸ்’ எனப் பெயரிட்டுப் பத்தாண்டுகள் உழைத்து, 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. உலகெங்கும் அதை முன்னுதாரணமாகக் காட்டினோம். 2014இல் நகர நிர்வாகத்தின் தலைமை மாறியது. ஊழியர்கள் சிரமப்படுகிறார்கள் என்ற முறையீடு அரசியல் ஆயுதமாயிற்று. 2017இல் விண்டோஸுக்குத் திரும்புவதென நகர மன்றம் முடிவு செய்தது.

பெருநிறுவனத்தின் அழுத்தம் என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துவிடலாம். அழுத்தம் இருந்திருக்கலாம். ஆனால், ஊழியர்களின் முறையீடுகள் பொய்யல்ல. நகராட்சியே அமர்த்திய ஆலோசகர்களின் 2016ஆம் ஆண்டு அறிக்கை, சிக்கலின் பெரும்பகுதி இயங்குதளத்தில் இல்லை, சிதறிக் கிடந்த தொழில்நுட்பப் பிரிவுகளின் நிர்வாக அமைப்பில்தான் உள்ளது என்ற பொருள்படக் கூறியது. அச்சுப்பொறி ஓடாததும் கோப்பு திறவாததும் ஊழியருக்கு ஒன்றாகவே தெரியும். எல்லாப் பழியும் ‘லினக்ஸ்’ என்ற ஒரு சொல்லின் மீது விழும். எந்தக் குறை எங்கிருந்து எழுகிறது என்று பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு பலவீனமாக இருந்தால், நியாயமான குறைகூட நல்ல முடிவைக் கவிழ்க்கப் பயன்படும். நாம் கேட்காமல் விட்ட குறையை நமது எதிரி கேட்டுக்கொள்வான்.

தமிழில் திரை

இனி, தமிழ் படித்தவன் என்ற முறையிலும் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையிலும் சில சொல்ல வேண்டும். இடைமுகம் என்பதில் பாதி படம்; மீதி சொல். சொல் புரியாவிட்டால் பொத்தான் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

முதலில் தட்டச்சு. லினக்ஸில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கப் போனால் பட்டியலில் ஒரே மாதிரியான பல பெயர்கள் நிற்கும். தமிழ்நெட் 99, தமிழ் எண்களுடன் தமிழ்நெட் 99, டேப் குறியாக்கம், டிஸ்கி குறியாக்கம், இன்ஸ்கிரிப்ட் என நீளும். டேப்பும் டிஸ்கியும் ஒருங்குறி பரவுவதற்கு முன் வழங்கிய குறியாக்கங்கள். இன்று அவற்றைத் தேர்ந்தெடுத்தால் திரையில் புரியாத குறிகளே வரும். அதுமட்டுமன்று. தமிழ்99 முறையின் உயிர்நாடி அதன் விதிகள். ககரத்தை இருமுறை அழுத்தினால் ‘க்க’ என்று புள்ளி தானே அமைய வேண்டும். ககரத்தின்பின் ஒகரத்தை அழுத்தினால் ‘கொ’ என்று கூட வேண்டும். சாதாரண விசைப்பலகைப் பட்டியலில் உள்ள வடிவத்தால் இவ்விதிகளைப் பின்பற்ற இயலாது; ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியின் வழியாகச் சேர்க்கும் தமிழ்99 பின்பற்றும். இரண்டும் ஏறக்குறைய ஒரே பெயரில் இருப்பதால், முதலாவதைத் தேர்ந்தெடுத்த தோழர் ‘லினக்ஸில் தமிழ் சரியாக வராது’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். இது பயிற்சிக் குறைவு அன்று. பட்டியலை அமைத்த விதத்தின் குறை.

அடுத்து இலக்கணம். ‘இன்ன கோப்பைக் குப்பைத்தொட்டிக்கு நகர்த்தவா?’ என்று கணினி கேட்க வேண்டும். கோப்பின் பெயர் இருக்கும் இடத்தை ஆங்கிலத்தில் வெறுமையாக விட்டு, நிரல் பின்னர் அதை நிரப்பிக்கொள்ளும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்ட வேண்டும். ‘கடிதம்’ என்ற பெயர் ‘கடிதத்தை’ என்று திரியும். நிரலுக்கு அது தெரியாது. ‘கடிதம்ஐ’ என்று எழுதிவைக்கும். ‘கடிதம் என்னும் கோப்பை’ என்று மொழிபெயர்த்திருந்தால் இச்சிக்கலே எழாது. நிரல் அறிந்தவர் இதைக் கண்டுபிடிக்க மாட்டார். தமிழ் அறிந்தவர் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார்.

ஏவலும் அவ்வாறே. பொத்தானில் எழுதியிருப்பது நாம் கணினிக்கு இடும் கட்டளை; ஆகவே ‘சேமி’, ‘மூடு’ என்பன பொருந்தும். கணினி நம்மிடம் வேண்டுவது வேறு. அங்கே ‘கடவுச்சொல்லை உள்ளிடவும்’ என்ற மரியாதை வேண்டும். இரண்டையும் கலந்து எழுதிய திரையில் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதே குழம்பிவிடும். ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரு பொத்தான்களைவிட ‘சேமி’, ‘சேமிக்காமல் மூடு’ என்பவை தெளிவானவை. ஜினோம் நெறிமுறையும் வினைச்சொல்லையே விரும்புகிறது. மேலும், தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைவிடப் பெரும்பாலும் நீண்டது. பொத்தானின் அகலம் போதாவிட்டால் சொல்லின் வால் அறுபடும்.

இது யாருக்கு இன்றியமையாதது? தேவிகுளம், பீருமேடு, சித்தூர் வட்டங்களில் தமிழ்வழியில் பயிலும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசுடன் கடிதப் போக்குவரத்து நடத்த வழிசெய்துள்ளது. தகவல் தொழில்நுட்பப் பாடநூலும் தமிழில் வருகிறது. பாடநூலில் ஒரு சொல், திரையில் வேறொரு சொல், ஆசிரியர் வாயில் மூன்றாவது சொல் என்று இருந்தால், தோட்டத் தொழிலாளியின் மகள் கணினியைக் கற்பதற்கு முன் மூன்று அகராதிகளைக் கற்க வேண்டியிருக்கும். மலையாளத்துக்கு ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் போன்ற வலுவான தன்னார்வ இயக்கம் இங்கே உண்டு. எல்லைக்கு இப்பால் வாழும் தமிழரின் குரலை நாம்தான் கொண்டுசெல்ல வேண்டும்.

இரு மறுப்புகள்

‘விலையின்றிப் பெற்றுக்கொண்டு குறையும் கூறலாமா?’ என்று சிலர் கேட்கிறார்கள். ஊதியமின்றி உழைக்கும் தன்னார்வலரை ஏசுவது தவறு, அதில் ஐயமில்லை. ஆனால், தெளிவாக எழுதப்பட்ட ஒரு குறை அவருக்கு நாம் தரும் உழைப்பு. தன் நிரலைத் தானே சோதிப்பவர் பிறர் தடுமாறும் இடத்தை எளிதில் காண்பதில்லை. அதைக் காட்டுபவர் உடனுழைப்பாளி.

‘பெருநிறுவனங்கள் யாரையும் கேட்காமலே எளிமையாகச் செய்துவிடுகின்றனவே?’ என்பது இரண்டாவது. அவை கேட்காமலே எடுத்துக்கொள்கின்றன. 2015இல் வந்த விண்டோஸ் 10, பயன்பாட்டுத் தரவுகளை நிறுவனத்துக்கு அனுப்பியது. வீட்டுப் பதிப்பில் அதை முழுவதுமாக நிறுத்தும் வழியைத் தரவில்லை. கண்காணிப்பின் வழியே பெறப்படும் எளிமை அது. நம்மைக் கண்காணிக்காத மென்பொருளை விரும்பினால், நமது சிரமத்தை நாமே வாய்திறந்து சொல்லியாக வேண்டும். மௌனமாக இருந்துகொண்டு இரண்டையும் எதிர்பார்க்க முடியாது.

செய்ய வேண்டியவை

லினக்ஸ் நிறுவிய ஒவ்வொரு கணினியின் அருகிலும் ஒரு குறிப்பேடு வைக்க வேண்டுகிறேன். ‘கணினி சரியில்லை’ என்று எழுதினால் பயனில்லை. ‘முதலாளி மோசம்’ என்ற மனுவைத் தொழிலாளர் ஆணையர் ஏற்கமாட்டார். தேதி, பிரிவு, நடந்தது என்ன என்று கேட்பார். இங்கும் அதே முறைதான். என்ன செய்ய முயன்றேன், எந்தப் பொத்தானை அழுத்தினேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்ற நான்கையும், இயங்குதளம், இடைமுகம், செயலி ஆகியவற்றின் பெயரையும் பதிப்பு எண்ணையும் எழுத வேண்டும். திரையைப் படமெடுத்தால் அதில் உறுப்பினர் பெயரோ தொலைபேசி எண்ணோ இல்லையென்று பார்த்த பின்னரே வெளியே அனுப்ப வேண்டும்.

மாதத்துக்கு ஒருமுறை ஒரு தோழர் குறிப்பேடுகளைத் திரட்டி, மூன்றாகப் பிரிக்கட்டும். ஒருமுறை காட்டிக்கொடுத்தால் தீர்ந்துவிடுபவை பழக்கமின்மை. அவற்றுக்குப் பயிற்சி போதும். மாதம் கடந்தும் வெவ்வேறு தோழர்கள் ஒரே இடத்தில் தடுமாறினால் அது வடிவமைப்புக் குறை. செயலி நின்றுபோவதும் எழுத்து சிதைவதும் பிழை. பின்னிரண்டையும் உரிய திட்டத்தின் பிழைப்பதிவுக்கு அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தால் மொழிபெயர்ப்பாளர்களாகிய நாங்கள் எழுதித் தருகிறோம். தமிழ்ச் சொல் பற்றிய குறைகளை மொழிபெயர்ப்புக் குழுக்களுக்குத் திருத்தத்துடனேயே அனுப்பலாம். பதில் வந்தால், குறை கூறியவரிடம் அதைத் தெரிவிக்க வேண்டும். பதில் பெறாதவர் அடுத்த முறை எழுத மாட்டார்.

ஓர் அலுவலகத்தில் மூன்று மாதம் இதைச் செய்து பார்ப்போம். முதலில் அமரவேண்டியவர் கணினி நன்கு அறிந்த இளந்தோழர் அல்லர். நம்மில் மிக மெதுவாகத் தட்டச்சு செய்பவரை அமர்த்துங்கள். அருகில் இருப்பவர் வாய்பேசாமல், கைநீட்டிக் காட்டாமல், அவர் எங்கே நிற்கிறார் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளட்டும். முதல் குறிப்பேடு நிறைந்ததும் அதை எடுத்துக்கொண்டு மீண்டும் இங்கே கூடுவோம்.